கைதட்டுகிறவர்களின் வட்டம்

திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கூரியர் பார்சல், பள்ளி வேனிலிருந்து இறங்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, மின்சார ரீடிங் எடுக்க வருகிறவருக்குத் திறந்துவிட வேண்டிய எதிர்வீட்டு கேட்டின் சாவி, எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பாதுகாப்பு ஆலோசகராகத் தொழில் தொடங்கியிருக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். தெரு அதைச் சுருக்கமாகப் புரிந்துகொண்டது. வீட்டில் சும்மா இருக்கிறாள்.

அதற்கு முன்பு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்யும் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். யார் கை எந்த இயந்திரத்தில் மாட்டும், எந்தத் தொட்டிக்குள் காற்றில்லாமல் ஆள் விழுவான் என்று முன்கூட்டியே பார்த்துத் தடுப்பது என் வேலை. புதிதாக வந்த மேலாளர், பாதுகாப்பு வாரத்தில் பெண் ஊழியர்களுக்குக் கோலப் போட்டி நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நடத்தினேன். ஹெல்மெட் படம் போட்ட கோலத்துக்கு முதல் பரிசு. அடுத்து கேன்டீனையும் நானே பார்த்துக்கொள்ளலாமே என்றார். கழன்றுபோன இயந்திரக் காப்பு ஒன்றைப் பற்றி நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டதற்கு மட்டும் உடனே வந்தது. அந்த மாதமே ராஜினாமா கடிதம் கொடுத்தேன்.

சொந்தத் தொழில் என்றால் சுதந்திரம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். திருவள்ளூர் ஒரு ரயில் பாதையில் இருக்கிறது, ஆலைகள் இருக்கிற கும்மிடிப்பூண்டி வேறொரு பாதையில். ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய்த் திரும்பி வெளியே வரவேண்டும். பேருந்தில் பெரியபாளையம் போய், அங்கிருந்து கவரைப்பேட்டைக்கு மாறி, மறுபடி ஷேர் ஆட்டோ. அப்படிப் போய்ச் சேர்ந்தால் ஆலை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காத்திருக்கும். காவலாளி பதிவேட்டை நீட்டி எந்தக் கம்பெனி என்று கேட்பார். சொந்தமாகச் செய்கிறேன் என்பேன். சொந்தம்னா எந்தக் கம்பெனி என்பார். ஓர் ஆலையில் அவர் பொறுமையிழந்து, கம்பெனி பெயர் எழுதும் கட்டத்தில் தானே ‘லேடி’ என்று எழுதிக்கொண்டார். நான் பார்த்த எந்த மேலாளரும் என்னை அவ்வளவு சுலபமாக வகைப்படுத்தியதில்லை.

உள்ளே போய்ப் பேசிய முதலாளிகள் பெரும்பாலும் ஒரே ரகம். இவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படவில்லை, என் கையெழுத்து தேவைப்பட்டது. ஒருவர் தொலைபேசியிலேயே சொன்னார்: “மேடம், நீங்க எதுக்கு அவ்ளோ தூரம் வந்துக்கினு? சர்டிபிகேட்ட வாட்ஸ்அப்ல போட்டுடுங்க.” அவருடைய ஆலை எதைச் செய்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதைச் சொன்னபோது, தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

இந்த நிலையில்தான் ஆலோசகர் வட்டத்தில் சேர்ந்தேன்.

திருவள்ளூரில் ஒரு சைவ ஓட்டலின் மாடியில் ஏசி அறை இருக்கிறது. நிச்சயதார்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் அது எங்களுக்குக் கிடைத்தது. தனியாகத் தொழில் செய்கிற ஆலோசகர்கள் காலையில் கூடி ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பது என்பது ஏற்பாடு. இட்லி, பொங்கல், வடை எல்லாம் சந்தாவிலேயே அடங்கும். வட்டத்தை நடத்தியவர் பெரிய நிறுவனமொன்றில் மனிதவளத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். “நாம போட்டியாளர்கள் இல்லை, சக பயணிகள்” என்று தொடங்குவார். உடனே எல்லாரும் கைதட்டுவோம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிடத்தில் நம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும் கைதட்டல். யாராவது புது வேலை பிடித்திருந்தால் எழுந்து நின்று கைதட்டல். யாருக்கும் வேலை கிடைக்காத வாரத்தில் நம் நம்பிக்கைக்காகக் கைதட்டல். அந்த மாடியில் தட்டப்பட்ட அளவுக்குக் கைகள் வேறெங்கும் வீணானதை நான் கண்டதில்லை.

உறுப்பினர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலைகளுக்கு வாஸ்து பார்க்கிறவர் ஒருவர், கம்ப்ரசரை ஈசானிய மூலையிலிருந்து நகர்த்தினால் மின்கட்டணம் குறையும் என்பார். ஆளுமை வளர்ச்சிப் பயிற்சியாளர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தரச் சான்றிதழுக்கு ஆவணம் தயாரிக்கிறவரிடம் ஒரே ஒரு கோப்பு உண்டு, அதில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி விற்பார். அவர் போல்ட் ஆலைக்குக் கொடுத்த கையேட்டில், மாவு பிசையும் முன் கைகளைக் கழுவவேண்டும் என்று இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது தலைவர் என்னைத் தனியே அழைத்து, வட்டத்துக்குள் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை என்பது நமது முதல் விதி என்றார். அந்தப் பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் எங்களில் யாருக்கும் தொழிலில் ஒரு சுற்று சதைகூடப் போடவில்லை.

இவ்வளவு ஏளனம் இருந்தும் ஏன் போனாய் என்று என் கணவர் கேட்டார். வாரத்தில் ஒரு நாளாவது என்னைச் சும்மா இருக்கிறவள் என்று நினைக்காத ஓர் அறையில் உட்கார வேண்டியிருந்தது. அதற்காகக் கைதட்டினேன்.

அந்த அறையில் இரண்டு பேர் அதிகம் தட்டாதவர்கள். ஒருவர் பழவேற்காட்டுக்காரர். அவருடைய குடும்பம் தலைமுறைகளாக வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகளுக்கு இறாலும் ஜவுளியுமாகக் கடைகள். இவர் மட்டும் படித்துக் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் கிரேன் பரிசோதகராக வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாக ஆலைகளின் கிரேன்களைச் சோதித்துச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். இன்னொருத்தி தொழிலாளர் சட்ட ஆலோசகர், என்னைவிட வயதில் சிறியவள், கும்மிடிப்பூண்டிப் பெண். அப்பா அம்மா வயல் கூலிக்குப் போனவர்கள், அண்ணன் தொழிற்பேட்டையில் வெல்டர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளில் முதலாளிகள் செய்யும் தில்லுமுல்லு எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு நிமிடப் பேச்சை அவள் பத்து விநாடியில் முடித்துவிட்டு வடைக்குப் போவாள். பாயை மந்தமானவர் என்றும் அவளைத் திமிர் பிடித்தவள் என்றும் நினைத்திருந்தேன். இப்போதும் அதே அபிப்பிராயம்தான்.

வட்டத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பழைய இரும்பை மின்உலையில் உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் ஆலை. அதன் முதலாளிக்குப் பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் சரக்கு கொடுக்கும் வாய்ப்பு. அந்த நிறுவனமோ வெளி ஆலோசகர்கள் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும் என்றது. தலைவர் அதைப் பிடித்து வந்து, இதுதான் சக பயணிகளின் சக்தி என்றார். எழுந்து நின்று கைதட்டினோம். பாதுகாப்பு எனக்கு, கிரேன் பாய்க்கு, தொழிலாளர் சட்டம் அவளுக்கு, ஆவணங்கள் அந்த ஒற்றைக் கோப்புக்காரருக்கு. ஒருங்கிணைப்பு தலைவருக்கு. ஒருங்கிணைப்பு என்றால் முதலாளியின் அறையில் உட்கார்ந்து இளநீர் குடிப்பது என்று அங்கே போன பிறகு தெரிந்தது.

உலைக் கூடத்துக்குள் போனேன். மழையில் நனைந்த இரும்புக் குவியலை அப்படியே வாரி உலைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். குவியலில் வண்டிகளின் ஷாக் அப்சார்பர்களும், வாய் மூடிய சின்ன சிலிண்டர்களும் கிடந்தன. மூடிய உருளைக்குள் எண்ணெயோ காற்றோ தண்ணீரோ இருந்து, அது உருகிய இரும்புக்குள் விழுந்தால் குண்டுபோல வெடிக்கும். உலைக் குழம்பு சுற்றியுள்ள மேடை முழுவதும் தெறிக்கும். மேடையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆட்கள், முகத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்ணை மட்டும் விட்டு மிச்சத்தை மறைத்திருந்தார்கள்.

பாய் மேலே ஏறிப் போய்விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். உருகிய இரும்பைத் தூக்கிப் போகும் கிரேனில், கொக்கி எல்லைக்கு மேல் போனால் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். அடிக்கடி நின்று வேலையைக் கெடுக்கிறதாம். கொக்கி மேலே முட்டி கிரேனின் வடம் அறுந்தால், உருகிய இரும்பு வாளியோடு கீழே. சொல்லும்போது அவர் குரல் மாறவேயில்லை. மந்தம் என்று நான் நினைத்தது அதைத்தான். பதிவேடுகளைப் பார்க்க அலுவலகத்துக்குப் போன சட்டப் பெண் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். மேடையில் நிற்கிற ஒருவன் பெயர்கூட ஆலையின் பட்டியலில் இல்லை, எல்லாம் ஒப்பந்தக்காரனின் கணக்கு, அந்த ஒப்பந்தக்காரன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றாள்.

மூவரும் அவரவர் பகுதியை எழுதிக் கொடுத்தோம். பழைய இரும்பைப் பிரித்து, மூடிய உருளைகளை வெட்டித் திறந்து, ஈரத்தை உலர்த்தும் வரை உலை ஓடக்கூடாது என்று நான் எழுதியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அச்சிட்ட அறிக்கையைத் தலைவர் மேசைமேல் வைத்தார். வழவழப்பான அட்டை, உள்ளே ஆலை முதலாளி மரக்கன்று நடும் படம். என் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ‘மூலப்பொருள் பிரிக்கும் முறையை மேலும் வலுப்படுத்த வாய்ப்புள்ளது’ என்று இருந்தது. பாயின் பக்கத்தில் ‘கிரேன் பராமரிப்பு பாராட்டத்தக்கது’. சட்டப் பெண்ணுடைய பக்கமே இல்லை. கடைசியில் எங்கள் மூவரின் கையெழுத்துகளும் இருந்தன, வட்டத்தில் சேரும்போது கொடுத்த விண்ணப்பங்களிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியவை.

நான் எழுந்தேன். இது நான் எழுதியது இல்லை, என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். தலைவர் புன்னகை மாறாமல் உட்காரச் சொன்னார். நீங்கள் எழுதியது ரொம்ப நெகட்டிவ், வாடிக்கையாளரைப் பயமுறுத்துவது ஆலோசனை ஆகாது, இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் அவருடைய உறவினர்களின் ஆலைகள் எல்லாம் நம் வட்டத்துக்கு வரும், இங்கே இருக்கிற எத்தனை பேருக்குச் சோறு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். உலை வெடித்தால் என் பெயர்தான் கீழே இருக்கும் என்றேன்.

“மேடத்துக்கு வேலைமேல எவ்வளவு ஈடுபாடு பாருங்க,” என்றார் தலைவர். “அந்த ஈடுபாட்டுக்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்க.”

தட்டினார்கள். வாஸ்துக்காரர், இரண்டு பயிற்சியாளர்கள், ஒற்றைக் கோப்புக்காரர், எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். ஒரு மனிதரை வாயடைக்க அதைவிடச் சுத்தமான முறையை நான் அறியேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். கைதட்டுகிறவர்களை என்ன செய்வது? என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ஓட்டலின் வாசலில் ஒரு குடும்பம் நிச்சயதார்த்தத் தட்டுகளோடு, நாங்கள் எப்போது காலி செய்வோம் என்று காத்திருந்தது.

திங்கட்கிழமை நேராக அந்த ஆலைக்குப் போனேன். பேருந்தில் போகும்போதே எல்லா வசனங்களையும் தயார் செய்துகொண்டேன். வாசலில் பாய் தன் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றிருந்தார். பக்கத்தில் ஸ்கூட்டியில் சட்டப் பெண். நான் யாரையும் அழைக்கவில்லை.

“நீங்க இங்க வருவீங்கன்னு தெரியும்க்கா,” என்றாள் அவள். “தனியா உட்டா வாத்தியாரம்மா மாரி பேசி காரியத்த கெடுத்துடுவீங்க. அதான் வந்தோம்.”

ஆறுதலுக்கு வந்தவர்கள் பேசுகிற பேச்சு இது.

முதலாளி எங்களை உடனே உள்ளே கூப்பிட்டார். ஆள் எளிமையானவர், கசங்கிய சட்டை. நான் தயார் செய்த வசனங்களை ஆரம்பித்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

“மேடம், ஒங்க ரிப்போர்ட்ட நான் கேக்கவே இல்லியே. சரக்கு வாங்கறவன் கேட்டான். அவனும் படிக்கப்போறதில்ல, பைலுல வெச்சுக்கப்போறான். இதுல நீங்க ஏன் பேஜாராவுறீங்க?”

அவரிடம் பொய் இல்லை. தலைவரைவிட இவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடுமோ என்று ஒரு கணம் பயந்தேன். அப்போது பாய் பேசினார். அந்த அறிக்கையில் இருப்பது நாங்கள் போட்ட கையெழுத்து இல்லை என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சரக்கு வாங்குகிற கம்பெனிக்கு எழுதப் போகிறோம், அதை உங்களிடம் முதலில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். பிறகு அந்தச் சுவிட்சின் கம்பியை அவிழ்த்துச் சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று விளக்கினார். அரை நாள் கூட ஆகாது. முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப் பெண் ஒரு வார்த்தை மட்டும் சேர்த்தாள். வெடித்தால் அந்தப் பெயரில்லாத ஒப்பந்தக்காரனைத் தேடிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள், உங்களைத்தான் தேடி வருவார்கள் என்றாள். நான் பேச எதுவும் மிச்சமில்லை.

நாங்கள் எழுதினோம். பதில் வரவில்லை. ஆனால் அந்த வாரமே சுவிட்சைச் சரி செய்துவிட்டதாகப் பாய்க்குத் தகவல் வந்தது. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வாசலிலிருந்து பார்த்தேன். இரண்டு பேர் வெட்டும் கருவியோடு உட்கார்ந்து மூடிய உருளைகளைப் பிளந்துகொண்டிருந்தார்கள். குவியலுக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தார்கள், பாதிக்கு. மேடையில் நின்றவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. முகத்தில் அதே துண்டு. உலை வெடிக்கவும் இல்லை, நாங்கள் சொன்னது சரி என்று யாரும் சொல்லவும் இல்லை. பெரிய நிறுவனம் சரக்கு வாங்க ஆரம்பித்தது. தலைவர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு எல்லாரும் கைதட்டும் படங்களை அனுப்பிய பிறகு, எங்கள் மூவரையும் நீக்கினார். நீக்குவதற்கு முன் உங்கள் பயணம் சிறக்க வாழ்த்துகள் என்று தனித்தனியாகச் செய்தி அனுப்பினார். அந்த நாகரிகம் அவரை விட்டு ஒருநாளும் போகாது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை வரவில்லை. தொழிற்பேட்டை பெரிதாகத் தெரியும், ஆனால் வாய்கள் எல்லாம் ஒரே டீக்கடையில் இருக்கின்றன. அந்த லேடியைக் கூப்பிட்டால் தலைவலி என்று பரவிவிட்டது. வாசல்களில் பிளாஸ்டிக் நாற்காலிகூடக் கிடைக்காமல் நின்றேன். என் பழைய ஆலையிலிருந்து, அதே மேலாளரிடமிருந்து, திரும்பி வருகிறீர்களா என்று அழைப்பு வந்தது. கேன்டீனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டோம் என்று பெருந்தன்மையோடு சொன்னார்.

இதற்குள் நாங்கள் மூவரும் எளாவூரில் சந்திக்கிற வழக்கம் ஏற்பட்டிருந்தது. அங்கே சோதனைச் சாவடிக்காக லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை, வெளியே பெஞ்சு. சட்டப் பெண்ணுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆலைகள் இருந்ததால் இடத்தை அவள் முடிவு செய்தாள். எனக்கு அது மாவட்டத்தின் மறுகோடி என்று சொன்னேன். கஷ்டமா இருந்தா வராதீங்க என்றாள். போனேன். லாரிப் புகையில் பேச்சுக் கேட்காது, கத்திப் பேசவேண்டும். யாரும் யாரையும் பாராட்டியதாக நினைவில்லை. ஆலைகளுக்கு நான் அனுப்பும் முன்மொழிவை அவள் ஒருநாள் வாங்கிப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

“இத்த படிச்சா எனக்கே தூக்கம் வருதுக்கா. மொதலாளி படிச்சுக்கினா இருப்பான்? அவனுக்கு இன்னா ஆவும், எப்ப ஆவும், அத்த ஒரு பக்கத்துல எழுதுங்க. மீதி எல்லாம் ஒங்க பெருமைக்கு எழுதிக்கினு இருக்கீங்க.”

எனக்கு முகம் சிவந்தது. ஊருக்குப் போகும் பேருந்தில் அவள் அப்பன் பாட்டன் எல்லாரையும் மனதுக்குள் திட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் எழுதினேன்.

பாய்க்கு வேறு வியாதி. கிரேனை நாளெல்லாம் ஏறி இறங்கிப் பார்ப்பார், கடைசியில் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்க பாத்துக் கொடுங்க என்பார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து இப்படி ஓர் ஆளா என்று அண்ணன் தம்பிகள் சிரிப்பார்களாம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஒரு முதலாளி வேலையை வாங்கிக்கொண்டு பிரியாணி வாங்கிக்கொடுத்து அனுப்பியிருந்தார். பாய் அதை எங்களிடம் நல்ல செய்திபோலச் சொன்னார். கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்த மனுஷர், ஒரு பொட்டலத்துக்கு விலைபோய்விட்டீர்கள் என்று நான் சொன்னேன். அவர் அன்றைக்கு டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது, இனி அவருடைய கட்டணத்தைத் தொலைபேசியில் பேசுகிறவள் நான் என்று முடிவானது. எனக்குக் கூச்சம் கிடையாது, மற்றவர் பணமென்றால். என்னுடைய முதலாளிகளிடம் நான் போகும்போது முதல் பத்து நிமிடம் பாய் பேசுவார், நான் வாயைத் திறக்கக்கூடாது என்பதும் அதே நாளில் முடிவானது. முடிவு செய்தது சட்டப் பெண்.

மேலாளரின் அழைப்பை அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னேன். போகலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். யாராவது போகாதே என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். பாய் லாரிகளைப் பார்த்தார்.

“போங்கக்கா,” என்றாள் அவள். “மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கினு, அவன் காட்ற எடத்துல கையெழுத்து போடுங்க. அதுக்கு இன்னாத்துக்கு எங்கள கேட்டுக்கினு?”

அவளை அடிக்கலாம் போலிருந்தது. அன்று உடனே கிளம்பினேன். கவரைப்பேட்டை வரும்வரை கோபம் குறையவில்லை. அங்கே இறங்கி, பெரியபாளையம் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் மேலாளரைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னேன். அவர் காரணம் கேட்டார். சாம்பாரில் உப்பு சரியாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் முகத்தில் ‘நான் சொன்னேன்ல’ என்ற பார்வையைப் பார்க்கச் சகிக்காது, அவ்வளவுதான்.

முதல் உருப்படியான வேலை ஒரு ஸ்பிரிங் ஆலையிலிருந்து வந்தது. அண்ணன் தம்பி இருவர் நடத்துவது. அண்ணன்தான் கூப்பிட்டார். உலை ஆலைக்காரர் என்னைப் பற்றி, அது ஒரு பேஜாரு புடிச்ச கேசு, ஆனா சொன்னது சொன்னதுதான் என்று சொன்னாராம். பெருமைப்பட்டுக்கொண்டே போனேன். போன பிறகுதான் விஷயம் புரிந்தது. புது இயந்திரம் வாங்கத் தம்பி சம்மதிக்கவில்லை. பழையது ஆபத்து என்று யாராவது சொல்லி அவரைக் கலங்கடிக்க வேண்டும், அதற்கு ஒரு பேஜாரு தேவைப்பட்டது. இயந்திரத்தைப் பார்த்தேன். ஆபத்துதான், ஆனால் இரும்பு வலைக் காப்பு ஒன்று போட்டால் போதும், புதியது வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அண்ணனுக்கு என்மேல் வெறுப்பு, செலவு வைத்ததால் தம்பிக்கும் வெறுப்பு. காப்பைப் போட்டார்கள். வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள், இருவரில் யாராவது ஒருவரை நான் தோற்கடிப்பேன் என்ற நம்பிக்கையில்.

இப்போது எனக்கு ஏழெட்டு ஆலைகள் இருக்கின்றன. எதுவும் என்னை நேசிக்கவில்லை. பாய்க்கு என்னைவிட அதிகம். சட்டப் பெண்ணுக்கு ஒரு சின்ன அலுவலகமே வந்துவிட்டது, திமிரும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறது. எளாவூர் பெஞ்சைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு இப்போதெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் ஏதோ ரகசியம் வைத்திருப்பதாக நினைப்பு.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். நடுத்தர வயது, ஆலைக் கழிவுநீர் சோதிக்கும் கூடத்தில் வேலை போய், சொந்தமாகத் தொடங்கியிருக்கிறாராம். வந்ததும் எங்கள் மூவரையும் புகழ்ந்தார். பிறகு தான் தயாரித்த அறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினார், பாராட்டை எதிர்பார்த்து. நான் படித்தேன், பாய் படித்தார், அவள் படித்தாள். தண்ணீர் எங்கே எடுத்தது என்றே இதில் இல்லையே, ஆலைக்குள்ளா, பக்கத்துக் குட்டையிலா என்று அவள் கேட்டாள். முன்னுரையில் எழுதியிருப்பது உங்கள் வாழ்க்கை வரலாறா என்று நான் கேட்டேன். பாய் மட்டும் இனிமையாக, மறுபடி எழுதிவிடலாம் என்றார், முழுவதும். வந்தவரின் முகம் தொங்கிப்போனது. அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. அவ்வளவுதான் இந்த ஆள் என்று கைகழுவிவிட்டோம்.

அதற்கடுத்த முறை நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை. புது அறிக்கையை என் மடியில் போட்டுவிட்டு, “இப்ப இன்னா குத்தம் கண்டுபிடிக்கிறீங்கன்னு பாக்கறேன்,” என்றார். சட்டப் பெண் கடைக்காரரைப் பார்த்து இன்னொரு டீ சேர்த்துச் சொன்னாள். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினேன்.